புலிச் சட்டையும் வியர்வையும்

மாணவர்களே, மஞ்சள் சட்டையில் கருங்கோடுகள் என்றதும் 2010-இல் ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்ற நம் ஹரிமாவ் மலாயா காற்பந்துக் குழு நினைவுக்கு வரும். அக்குழுவுக்குப் புதிய ஜெர்சி வடிவமைப்பவர் கோடுகளை மட்டும் வரைந்தால் போதாது. நம் நாட்டுப் புழுக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வியர்வை வழிவதால் உடல் குளிராது. அது ஆவியாக வேண்டும். 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பருத்தி இழை நீரை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்வதால் சட்டை கனத்து உடலோடு ஒட்டும். பாலியெஸ்டர் இழை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், இழைகளின் நுண்ணிய இடைவெளிகள் வழியே வியர்வை வெளிப்புறத்துக்குப் பரவி விரைவில் உலர்கிறது. இதுவே நுண்புழை விளைவு.

நீங்களே சோதிக்கலாம். பருத்திச் சட்டை ஒன்றையும் ஜெர்சி ஒன்றையும் நனைத்துப் பிழிந்து ஒரே கொடியில் காயப் போடுங்கள். எது முதலில் காய்கிறது? நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால், காற்றில் நீராவி மிகுந்த மாலையில் எந்தச் சட்டையாலும் வியர்வையை விரைவில் உலர்த்த முடியாது. ஹங் ஜெபாட் அரங்கமானாலும் ஜாசின் தோட்டத் திடலானாலும் இதுதான் நிலை. தலை சுற்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள், நிழலில் அமர்ந்து தண்ணீர் குடியுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.