எட்டுத் தோட்டா, ஒரு தகடு

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெர்ரி மிக்குலெக் ஒரே இலக்கின் மீது ரிவால்வரால் எட்டு முறை சுட்டார். ஆன நேரம் 1.00 வினாடி. அதே ஆண்டு ஆறு தோட்டா ரிவால்வரால் ஆறு முறை சுட்டு, காலியானதை மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு முறை சுட்டார். எல்லாம் சேர்த்து 2.99 வினாடி.

இரண்டில் என்னை அதிகம் வியக்க வைப்பது இரண்டாவதுதான். முதல் சாதனையின் வேகத்திலேயே சுட்டிருந்தாலும் பன்னிரண்டு தோட்டாவுக்கு ஒன்றரை வினாடி போயிருக்கும். மிச்சமிருந்த ஒன்றரை வினாடிக்குள் அவர் உருளையைத் திறந்து, ஆறு வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளி, இடுப்பிலிருந்து புதிய ஆறை எடுத்து, ஆறு துளைகளிலும் இறக்கி, உருளையை மூடி, மீண்டும் குறி பார்த்திருக்கிறார். ரிவால்வர் போட்டியின் உயிர் இந்த ஒன்றரை வினாடியில் இருக்கிறது. புதிதாக வருபவர் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் இதை வைத்தே எடை போட வேண்டும்.

இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது போன்றதல்ல. அங்கே பிஸ்டல் வீரர் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பார். நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் எனப்படும் இதில் ஓடவேண்டும், தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கவேண்டும், தூரம் மாறி மாறி நிற்கும் அட்டை இலக்குகளைச் சுடவேண்டும். இதற்கான உலகக் கூட்டமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து கொலம்பியா நகரில் உருவானது. மதிப்பெண் கணக்கு எளிமையானது: பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுப்பார்கள். 32 முறை சுட வேண்டிய ஒரு களத்தில் எல்லாம் நடுவில் பட்டால், தலா 5 வீதம் 160 புள்ளி. 20 வினாடியில் முடித்தால் விடை 8. அதே புள்ளியை 17 வினாடியில் எடுத்தால் 9.4. எட்டுத் தோட்டா ரிவால்வர் வைத்திருப்பவர் அந்தக் களத்தில் குறைந்தது மூன்று முறை நிரப்பியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வினாடி மிச்சம் பிடித்தால் இந்த வித்தியாசம் வந்துவிடும். குறி ஒரு மயிரிழைகூட மேம்பட வேண்டியதில்லை.

அப்படியானால் ஆறா, எட்டா? இந்த விளையாட்டின் அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி, பொதுவாக ஓரிடத்தில் நின்று எட்டு முறைக்கு மேல் சுட வேண்டியபடி களத்தை அமைக்கக் கூடாது. எட்டுத் தோட்டாக்காரர் ஒரு நிலையைச் சுட்டு முடித்து, அடுத்த நிலைக்கு ஓடும்போதே நிரப்பிக்கொள்வார். எப்படியும் ஓடித்தான் ஆகவேண்டும். நிரப்பும் நேரம் அந்த ஓட்டத்துக்குள் மறைந்துவிடும். ஆறு தோட்டாக்காரருக்கு அதே இடத்தில் இரண்டு குறையும். நின்ற இடத்திலேயே நிரப்ப வேண்டிவரும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணை 'வலுக்காரணி' என்று வைத்துக்கொள்வோம். எடையைக் கிரெய்ன் அளவிலும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 165 தொட்டால் 'மேஜர்', 125 தொட்டால் 'மைனர்'. நடுவில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. சற்று விலகினால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. எட்டுத் தோட்டா ரிவால்வரை மைனர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். புதியவருக்கு எட்டும் மைனரும்தான் பொருத்தம் என்பது என் முடிவு. உதைப்பு குறைவு, நிரப்பும் தடவைகள் குறைவு. ஆனால் கையில் ஏற்கெனவே ஆறு தோட்டா ரிவால்வர் இருந்தால், புதிதாக வாங்காமல் அதனுடனேயே களம் இறங்கலாம்.

இனி நிரப்பும் கருவிக்கு வருவோம். ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். உருளையின் நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தள்ளி அந்த விளிம்பைப் பிடித்துத்தான் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும். தானியங்கிப் பிஸ்டலின் தோட்டாவில் இந்த விளிம்பு வெளியே நீட்டாது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குப் பிஸ்டல்கள் போதவில்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனங்களின் ரிவால்வர்களையே பிஸ்டலின் .45 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றினார்கள். அந்தத் தோட்டாவில் தள்ளிக்குப் பிடிமானம் இல்லை. அதற்கு வழியாக வந்தது அரைவட்ட எஃகுத் தகடு. மூன்று தோட்டாக்களின் அடியைச் சுற்றியுள்ள பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும்; இரண்டு தகடு வைத்தால் உருளை நிறையும். பிற்பாடு அது முழு வட்டமானது. மூன் கிளிப் என்று இன்று சொல்வது இதைத்தான்.

தோட்டாவை வெளியே எடுக்கப் பிறந்த தகடு, உள்ளே போடுவதில் அதைவிடப் பெரிய உதவி செய்தது. எட்டும் ஒரே துண்டாக உள்ளே போகின்றன, ஒரே துண்டாக வெளியே வருகின்றன. நுனி உருண்ட குண்டுகள் துளையைத் தாமே தேடிச் சரிந்து இறங்குகின்றன. துளைகளின் வாயோரத்தைச் சற்றே சீவிவிட்டால் இன்னும் எளிது. தோட்டாவின் நீளமும் முக்கியம். .357 மேக்னம் தோட்டாக் கூட்டின் நீளம் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர். அனுபவமுள்ளவர்கள் பலர் .357 ரிவால்வரிலேயே 19ஆம் நூற்றாண்டின் .38 ஷார்ட் கோல்ட் தோட்டாவைப் போடுகிறார்கள். அதன் கூடு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்தான். குட்டைக் கூடு சீக்கிரம் வழுக்கி வெளியேறும், பாதியில் சிக்காது. வழக்கொழியவிருந்த தோட்டா ஒன்று இந்த ஒரு காரணத்துக்காக மறுவாழ்வு பெற்றிருக்கிறது.

மூன் கிளிப்புக்கென உருளையின் பின்புறம் சற்றுக் கடையப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத ரிவால்வருக்கு ஸ்பீட் லோடர் உண்டு. தோட்டாக்களை வட்டமாகப் பிடித்திருக்கும் ஒரு குமிழ் அது. திருகி விடுவிக்கும் வகையை விட, அழுத்தியதும் விடும் வகை போட்டிக்கு ஏற்றது.

விசையை விரலால் இழுக்கும்போது உள்ளே நடப்பது தனி அதிசயம். ஒரே இழுப்பில் உருளை அடுத்த துளைக்குச் சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொண்டு, சுத்தியல் பின்வாங்கி விழுகிறது. இத்தனை வேலையையும் செய்வது சுடுபவரின் விரல். புதிதாக வாங்கிய ரிவால்வரில் பெரும்பாலும் 5 கிலோ இழுப்பு தேவைப்படும்; 5 கிலோ அரிசிப் பையை ஒரு விரலில் மாட்டித் தூக்குவதற்குச் சமம். சுருள்வில்லை மாற்றி 3 கிலோ அளவுக்குக் குறைக்கலாம். குறைத்தால் சுத்தியலின் அடியும் மெலியும். தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் என்னும் தீமூட்டி பற்றாமல் போகலாம். அதனால்தான் மெல்லிய அடிக்கும் பற்றும் ஃபெடரல் நிறுவனப் பிரைமருக்கு இவர்களிடையே தனி மதிப்பு. விசையும் பிரைமரும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. தொடக்கத்தில் விசையில் கைவைக்காமல் விடுவதே நல்லது.

இடுப்புப் பட்டை உடலோடு ஒட்டி, ஆடாமல் நிற்க வேண்டும். உள்பட்டை வெளிப்பட்டை என இரண்டாக வருவதை வாங்கலாம். உறை விறைப்பாக இருந்து விசைப்பகுதியை முழுவதும் மூடவேண்டும். கிளிப் தாங்கிகள் ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்தில் தேடும்படி அமையவேண்டும். கண்ணாடியும் காதுக் காப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ரிவால்வரின் உருளைக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். அந்த இடுக்கின் அருகே விரல் போகக் கூடாது.

வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்த வேண்டும். குழல் தாழ்ந்திருந்தால் எரியாத வெடிமருந்துத் துகள் தள்ளியின் அடியில் சிக்கும். அப்புறம் உருளை மூடாது.

துப்பாக்கிக்கு ஆன செலவில் சிறு பங்கை எடுத்து நிறைய கிளிப் வாங்குங்கள். தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிதிபட்டாலோ, தோட்டாவைக் கையால் பிய்த்தாலோ லேசாக வளையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். தோட்டாவைக் கழற்ற அதற்கென உள்ள கருவியையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் மார்க்கரால் எண் எழுதி, வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை மாட்டி, உருளையில் வைத்துக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்த எண் உரசுகிறதோ அதைப் போட்டிப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே போலித் தோட்டாக்களை வைத்து, கீழே ஒரு மெத்தையை விரித்து, நிரப்பும் பயிற்சியையும் தொடங்கிவிடலாம்.