எழுத்து மயக்கமும் அதன் நீக்கமும்

எழுத்தென்பது மக்கள் தம் நினைவை மறதியினின்றும் காத்தற்பொருட்டு அமைத்துக்கொண்ட கருவியாம். கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் வாழ்ந்துவந்த அவ்வெழுத்து, இக்காலத்துக் கணிப்பொறியினுள்ளும் குடிபுகுந்துள்ளது. கல்லூரிச் சேர்க்கைப் பதிவும், நூல்நிலையப் பட்டியலும், நிலவுரிமைக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும் இன்று தரவுத்தளங்களில் வைக்கப்படுகின்றன. அங்ஙனம் வைத்த தமிழ்ப் பெயரொன்று, வேண்டியபொழுது எடுத்துப் பார்க்குமிடத்துப் பெயராக வாராமல், பொருளற்ற அயற்குறிகளின் கூட்டமாகவோ கேள்விக்குறிகளின் வரிசையாகவோ வந்து நிற்பதுண்டு. பெயரை இழந்த பதிவு யாருடையதென்று எவர் கூறவல்லார்? ஆதலின், இம்மயக்கம் எதனால் உண்டாகின்றது, எவ்வாறு நீங்கும் என்பவற்றை ஆராய்தல், பொறியியல் கற்பார்க்கேயன்றி, எழுத்தும் சொல்லும் பொருளும் கற்கும் நமக்கும் உரிய கடமையாம்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. கணிப்பொறி எழுத்தறியாது, எண் ஒன்றே அறியும். அதன் நினைவில் எண்கள் ‘பைட்’ என்னும் சிற்றறைகளில் வைக்கப்படும். ஓரறையில் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றே அடங்கும். இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்று மக்கள் செய்துகொண்ட உடன்படிக்கையே குறியேற்றம் எனப்படும். அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ என்னும் குறியேற்றம் 128 இடங்களே உடையது. ஆங்கிலத்திற்கு அது போதுமானதாயிற்று. ஓரறையில் எஞ்சிய 128 இடங்களில் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துக்களை வைத்து ‘லத்தீன்-1’, ‘விண்டோஸ்-1252’ முதலியன எழுந்தன. அவ்விடங்களையே தமிழுக்குக் கொண்டு ‘டிஸ்கி’, ‘டாப்’ முதலியனவும் எழுந்தன. இங்ஙனம், ஒரே எண் ஓரிடத்துப் பிரெஞ்செழுத்தாகவும் மற்றோரிடத்துத் தமிழெழுத்தாகவும் படிக்கப்படும் நிலை உண்டாயிற்று.

இக்குழப்பத்தை ஒழித்தற்கு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்ததே யூனிக்கோடு. அஃது உலகமொழிகளின் எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் வகுத்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் கிடைத்தன. அகரத்தின் எண் 2949. தமிழ்நாட்டரசும் 2010-ஆம் ஆண்டில் யூனிக்கோட்டை ஏற்றுக்கொண்டது. இத்துணைப் பெரிய எண் ஓரறையில் அடங்காதாகலின், அதனைப் பல அறைகளில் பகுத்து வைக்கும் முறை வேண்டப்பட்டது. 1992-ஆம் ஆண்டில் கென் தாம்ஸன், ராப் பைக் என்னும் இருவர் அமைத்த ‘யு.டி.எஃப்.-8’ என்பதே இன்று பெருவழக்காயுள்ள முறை. இதன்கண் ஆங்கில எழுத்து ஓரறை கொள்ளும். மேற்கூறிய தமிழ்ப்பகுதியின் எழுத்து மூன்றறை கொள்ளும். அகரம் 224, 174, 133 என்னும் மூன்றெண்களாக நிற்கும். அப்பகுதியில் எவ்வெழுத்தாயினும் முதலெண் 224. இரண்டாமெண் 174 அல்லது 175. இவ்வடையாளத்தை நாம் நினைவிற் கொள்வோமாக; பின்னர் நோயறிதற்கு இது பெரிதும் துணை செய்யும்.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கண நூலார் கணக்கில் அது மூன்றெழுத்து. யூனிக்கோட்டின் கணக்கில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். அறைக்கணக்கிலோ 15 பைட்டுகள். ஒரு சொல்லுக்கு மூன்று அளவைகள் உண்டென்பதை மறந்தவிடத்தே பல இடர்கள் தோன்றுகின்றன. சான்றாக, ஆரக்கிள் என்னும் தரவுத்தளத்தில் பெயருக்கு 20 இடம் என்று மட்டும் கூறின், இயல்பு நிலையில் அது 20 பைட்டையே குறிக்கும். அதனுள் தமிழ்க்குறிகள் ஆறே அடங்கும். 20 எழுத்தென்று நம்பியிருந்தவர் ஒரு சிறு பெயருக்கும் இடமின்மை கண்டு திகைப்பர்.

இனி, எழுத்துச் செல்லும் வழியைக் காண்போம். ஒருவர் உலாவியில் தோன்றும் படிவத்தில் தம் பெயரை எழுதுகின்றார். அஃது இணையச் செயலியைச் சேர்கின்றது. செயலி, தரவுத்தளத்தோடு தான் கொண்ட இணைப்பின் வழியாக அதனை அனுப்புகின்றது. தரவுத்தளம் அதனை அட்டவணையில் வைக்கின்றது. ஆகவே பக்கம், செயலி, இணைப்பு, அட்டவணை என வாயில்கள் நான்கு. ஒவ்வொரு வாயிலிலும், ‘வரும் எண்கள் இன்ன குறியேற்றத்தன’ என்று அறிவித்தல் வேண்டும். எண்கள் தாமே அதனைச் சொல்லா. இவற்றுள் பக்கமும் அட்டவணையும் கண்ணுக்குப் புலனாவனவாதலின் பலரும் அவற்றைச் செப்பஞ் செய்வர். இணைப்போ கண்ணுக்குப் புலனாகாதது. பெரும்பாலும் பிழை நுழையும் வாயில் அதுவே.

அப்பிழை நிகழுமாறு கூறுவாம். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் சுவீடன் நாட்டு நிறுவனமொன்றால் வளர்க்கப்பட்டது. அதன் இயல்பான குறியேற்றம் நெடுங்காலம் ‘லத்தீன்-1’ஆகவே இருந்தது, 2018-ஆம் ஆண்டின் 8.0 பதிப்பிலேதான் அது மாறிற்று. அத்தளத்தில் அப்பெயரால் வழங்குவது உண்மையில் விண்டோஸ்-1252 ஆகும். செயலி அகரத்தை 224, 174, 133 என்று அனுப்புகின்றது. இணைப்போ ‘லத்தீன்-1’ என்று அறிவிக்கப்பட்டுள்ளது. தரவுத்தளம் அம்மூன்றையும் மூன்று தனியெழுத்துக்களாகக் கொள்கின்றது: மேற்கோடிட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்று, வட்டத்துள் நிற்கும் வணிக முத்திரை ஒன்று, முப்புள்ளி ஒன்று. அட்டவணை யு.டி.எஃப்.-8 ஆயின், அம்மூன்றையும் மீண்டும் அம்முறையில் பெயர்த்து 195, 160, 194, 174, 226, 128, 166 என ஏழெண்களாக வைக்கின்றது. மூன்று ஏழாயிற்று! இதனை இரட்டைக் குறியேற்றம் என்பர்.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அதே செயலி அதே பிழையுடைய இணைப்பால் அப்பெயரைத் திரும்பக் கேட்குமிடத்து, ஏழு மூன்றாகத் திரும்பி, அகரம் அழகாகத் தோன்றும். போகும்போது நேர்ந்த பிழையை வரும்போது நேர்ந்த பிழை மறைத்துவிடுகின்றது. ஆண்டுகள் பல கழிந்து, வேறொரு செயலி செப்பமான இணைப்போடு வந்து கேட்கும் நாளிலேயே மயக்கம் வெளிப்படும். அன்று புதுச்செயலியைப் பழித்துப் பயனில்லை. அது உள்ளதையே உரைத்தது.

கேள்விக்குறி நோய் இதனின் வேறானது. அட்டவணை ‘லத்தீன்-1’ஆக இருக்க, இணைப்புச் செப்பமாக ‘யு.டி.எஃப்.-8’ என்று அறிவிக்கப்படின், தரவுத்தளம் வந்தது தமிழென்று அறிந்துகொள்ளும். ஆனால் அதனை வைத்தற்கு அட்டவணையில் இடமில்லை. கட்டுப்பாடு மிக்க நிலையில் தளம் அதனை மறுத்துவிடும், அது நன்று. கட்டுப்பாடு தளர்ந்த நிலையிலோ எழுத்துதோறும் ஒரு கேள்விக்குறியை, அஃதாவது 63 என்னும் எண்ணை, வைத்துவிடும். அதன்பின் ககரமும் 63, மகரமும் 63. எவ்வெழுத்து எங்கிருந்ததென்று எவராலும் மீட்கவொண்ணாது. எனவே, அயற்குறிக் கூட்டம் மயங்கிய எழுத்து. கேள்விக்குறி மாண்ட எழுத்து. காண்பார்க்கு முன்னது அச்சமூட்டும், பின்னது அமைதியாகத் தோன்றும். உண்மை இதற்கு மறுதலை.

மயங்கிய எழுத்தையும் கருதாது கையாளின் அது மாளும். விண்டோஸ்-1252 என்னும் குறியேற்றத்தில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்திடங்களில் எழுத்து ஒன்றும் வகுக்கப்படவில்லை. தமிழில் உகரக்குறியின் இறுதியெண் 129; புள்ளியின் இறுதியெண் 141; ஏகாரத்தின் இறுதியெண் 143; ஐகாரத்தின் இறுதியெண் 144. மைஎஸ்கியூஎல் இவ்வெண்களை இழவாமல் காக்கும். ஆயின் மயங்கிய வரிகளை வேறு செயலிகளில் ஒட்டி எடுப்பின், அவற்றுட் சில இவ்வெண்களைக் கைவிடும்; சில கேள்விக்குறியாக மாற்றும். பின்னர் மீட்பினும் மெய்கள் புள்ளியிழந்தும் உகரங்கள் உருவிழந்தும் வரும்.

இது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. ஏடெழுதுவோர் புள்ளியிடாமல் எழுதும் வழக்கினர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வேறுபாடின்றி நிற்கும். பிற்காலத்து அவ்வேறுபாட்டை வரிவடிவில் விளங்கவைத்த பெருமையை வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறுவர். புள்ளியற்ற ஏட்டைப் படிப்போர் சொல்லும் பொருளும் யாப்பும் துணையாக உண்மை வடிவத்தை உணர்வர். அங்ஙனம் உணர்தற்கு ஏடு கையிலிருத்தல் வேண்டும். உ. வே. சாமிநாதையரவர்கள் ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தமையும் இதுபற்றியே. தரவுத்தளத்திற்கும் விதி இதுவே: மூலத்தைக் காணாது திருத்தற்க.

மூலம் என்பது ஈண்டுத் திரையில் தோன்றும் வடிவமன்று, அறையிலுள்ள எண்களே. தரவுத்தளங்களில் அவ்வெண்களை உள்ளவாறு காட்டும் வசதி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் அது ‘ஹெக்ஸ்’ எனப்படும். அது பதினாறின் கணக்கில் காட்டுவதை நாம் பதின்கணக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். எண்கள் 224, 174 அல்லது 224, 175 எனத் தொடங்கின், எழுத்து நலமாயுள்ளது; அட்டவணையின் அறிவிப்போ இணைப்போ பிழையுடையது. 195, 160, 194 எனத் தொடங்கின், இரட்டைக் குறியேற்றம். 63 மட்டுமே வரின், எழுத்து மாண்டது. பழைய காப்புப்படியைத் தேடுதல் வேண்டும். திரையில் கேள்விக்குறி தோன்றியும் அறையில் 224 இருப்பதுண்டு. அது வெளிவரும் வாயிலின் குற்றமே. ஆதலின் திரையை நம்பித் துயருறுதலும் கூடாது.

நோயறிந்தபின் மருந்து எளிது. முதலாவது, முழுத்தளத்திற்கும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். இரட்டைக் குறியேற்றமாயின், அதனை ஒருபடி பின்னோக்கி நடத்துதல் வேண்டும்: உள்ளதை ‘லத்தீன்-1’ஆக மாற்றி, வந்த எண்களை வெறும் எண்களாகக் கொண்டு, அவற்றை யு.டி.எஃப்.-8 எனப் படித்தல். நலமான வரிகளும் நோயுற்ற வரிகளும் ஒரே அட்டவணையில் கலந்திருத்தல் இயல்பு. மேற்கூறிய அடையாளத்தால் நோயுற்றவற்றை மட்டும் பிரித்தெடுத்தே திருத்துக. இனி, நலமான தமிழெண்கள் ‘லத்தீன்-1’ என்று பெயரிட்ட அட்டவணையில் இருப்பின், அதனை நேரே யு.டி.எஃப்.-8 ஆக மாற்றற்க; மாற்றின் தளம் அவற்றைப் பெயர்த்து இரட்டையாக்கிவிடும். முதலில் எழுத்தென்னும் தன்மையை நீக்கி வெறும் எண்தொகுதியாக்கி, பின்னரே யு.டி.எஃப்.-8 என்று பெயரிடுதல் முறை. டிஸ்கி, டாப் முதலிய பழைய குறியேற்றங்களில் எழுதியவற்றுக்கு இம்மருந்து உதவாது. அவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணாற் காணும் வரிசைப்படி மெய்க்கு முன்னே நிற்கும். யூனிக்கோட்டில் ஒலிமுறைப்படி பின்னே நிற்கும். ஆகவே எண்ணை மாற்றுவதோடு வரிசையையும் மாற்றும் செயலி அவற்றுக்கு வேண்டும்.

வருமுன் காத்தற்கும் சில விதிகள் உள. நான்கு வாயில்களிலும் ஒரே குறியேற்றத்தை வெளிப்படையாகக் கூறுக. மைஎஸ்கியூஎல்லில் ‘யு.டி.எஃப்.-8’ என்று மட்டும் பெயரிட்ட பழைய முறை மூன்றறை எழுத்துக்களையே கொள்ளும்; 2010-இல் வந்த ‘யு.டி.எஃப்.8-எம்பி4’ நான்கறை எழுத்துக்களையும் கொள்ளும். இவ்வேறுபாடு நமக்கு அற்பமன்று. முந்திரி, காணி, மா முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-ஆம் ஆண்டில் யூனிக்கோட்டின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றன; அவை நான்கறை கொள்வன. பழைய நிலக்கணக்கொன்றை உள்ளவாறு பதிய விரும்புவோர்க்குப் பின்னதே துணையாம். மேலும், ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் பொறிக்கு வேறாகத் தோன்றக்கூடும். ஆதலின் பதியும்போதே இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்தல் நலம்.

செயலியைத் தொடங்கும் முதல்நாளில் ஆங்கிலப் பெயரால் சோதித்து அமைதியடைவார் பலர். ஆங்கில எழுத்து மேற்கூறிய எம்முறையிலும் ஓரறையே கொண்டு, எவ்வாயிலிலும் இடரின்றிப் போய்வரும், அது சோதனையாகாது. புள்ளியும் உகரமும் ஐகாரமும் ஒகரமும் விரவிய தமிழ்ப் பெயரொன்றை இட்டு, ஒரு செயலியால் பதிந்து, வேறொரு செயலியால் எடுத்து, அறையிலுள்ள எண்களையும் பார்த்தலே சோதனை.

அன்பர்களே, நம் முன்னோர் செல்லரித்த ஏடுகளினின்றும் தமிழை மீட்டு நம்மிடம் தந்தனர். நாம் பதிந்துவைக்கும் பெயர்களைச் செல்லரிப்பதில்லை; உடன்படிக்கையின்மை அரிக்கின்றது. ஒரு வாயிலில் ஒரு சொல்லை அறிவிக்க மறந்தால், ஓர் ஊராரின் பெயர்களெல்லாம் 63 என்னும் ஓரெண்ணாகிவிடும். கணிப்பொறி கற்கும் நண்பரும் தமிழ் கற்கும் நாமும் ஒருங்கு அமர்ந்து, திரையை விடுத்து எண்ணைப் பார்க்கப் பழகுவோமாயின், பதிந்த பெயர்கள் பதிந்தவாறே நிலைக்கும்.