குதிர் முதல் அடுப்படி வரை

இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரக் கிராமங்களில் நெல் விளைவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகமே. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளரும் மானாவாரிப் பயிர் தை, மாசியில் வீடு வந்து சேர்கிறது. அடுத்த அறுவடை வரையில் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியது அந்த ஒரு விளைச்சலே. ஆகையால் இங்கு விவசாயம் களத்துடன் முடிவதில்லை. அடுப்படி வரையில் நீள்கிறது.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 1½ கிலோ அரிசி சமைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத்திற்கு 45 கிலோ ஆகும். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி தேறுமெனில், ஆண்டுத் தேவை ஏறத்தாழ 820 கிலோ நெல். இதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பூச்சிக்கும் எலிக்கும் பூஞ்சணத்திற்கும் இரையானால் நஷ்டம் 82 கிலோ. அஃதாவது ஒரு மாதச் சாப்பாட்டிற்கும் அதிகம்.

இந்நஷ்டத்திற்கு முக்கிய காரணம் ஈரம். கடற்காற்றிலுள்ள ஈரத்தை உலர்ந்த தானியம் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். உப்பு ஜாடியில் நீர் கசிவதும் இதனாலேயே. நாள்தோறும் குதிரைத் திறந்து நெல் எடுக்கும் வழக்கத்தால் ஈரக்காற்று உள்ளே புகுகிறது. ஆகவே, சாமான்களை ஆண்டுக் கையிருப்பு, மாதக் கையிருப்பு, அன்றாடச் செலவு என மூன்றாகப் பிரித்து வைப்பதே சிறந்த முறையாகும்.

ஆண்டுக் கையிருப்பு அடுக்களையில் இருத்தல் கூடாது. சோற்றின் ஆவியும் தண்ணீர்ப் பானைகளின் குளிர்ச்சியும் அதற்குப் பகை. நெல்லின் ஈரம் 14 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது. பல்லில் கடித்தால் ‘கடக்’கென்று முறிவது காய்ச்சலின் அடையாளம். வெயிலில் காய்ந்த நெல்லை ஆறவிட்ட பின்னரே குதிரில் இட வேண்டும். சூட்டுடன் இட்டால் உள்ளே வியர்க்கும். குதிரைக் கற்களின்மீது உயர்த்திச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தல் நலம். குடியிருக்கும் வீட்டினுள் நச்சு வாயு வெளியிடும் மாத்திரைகளை ஒருபோதும் இடலாகாது; அவை உயிரையே வாங்கும்.

உளுந்து, பாசிப்பயற்றுக்குப் பயறு வண்டு வயலிலிருந்தே உடன் வருகிறது. முழுப் பயற்றைவிட உடைத்த பருப்பில் அதன் தொல்லை குறைவு. எனவே கையிருப்பை உடைத்து, நன்கு காயவைத்து, மூடி இறுகிய தகர டப்பாக்களில் சேமித்தல் தகும்.

மாதக் கையிருப்பைத் திங்கள்தோறும் ஒரு வெயில் நாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் அரிசி வாங்கும் மீனவர் குடும்பங்களுக்கும் இவ்விதி பொருந்தும். புதிதாக வந்தது பின்னும், பழையது முன்னுமாக வைத்தால் எதுவும் மறந்துபோய்க் கெடாது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் தோல் தடித்தது. உள்ளீரம் போகக் காய வேண்டும். பூஞ்சணம் பிடித்த மிளகாயில் உண்டாகும் நஞ்சு சமைப்பதால் முற்றும் அழிவதில்லை; அதனை விலக்க வேண்டும். புளியும் உப்பும் மண் அல்லது பீங்கான் பாத்திரத்திலும், கருவாடு தனி இடத்திலும் இருக்கட்டும்.

அன்றாடச் செலவுக்குரியவை மட்டும் அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். அஞ்சறைப்பெட்டியை அடுப்புக்கு நேர்மேலே வைத்தல் தவறு. பக்கத்தில் வைத்தால் எழுந்து நடக்கும் சிரமமும் குறையும்; கடுகும் மல்லியும் நமுத்துப்போகா.

மழைக்காலத்திற்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலமும் சேதமுற்றது. இராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் அப்போது இல்லை. 1988இல் தான் அது திறக்கப்பட்டது. இன்று சாலை இருப்பினும் புயல் நாட்களில் கடையை நம்பியிருக்க இயலாது. எனவே புரட்டாசியிலேயே பத்து நாளைக்குரிய அரிசி, பருப்பு, உப்பு, கருப்பட்டி, தீப்பெட்டி ஆகியவற்றை நீர் புகாத டப்பாவில் அடைத்துப் பரண்மீது ஏற்றிவிடுதல் அவசியம்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாலைந்து டப்பாக்களும், மாதம் ஒரு பகற்பொழுதும் போதும். வயலில் ஒரு மூட்டை அதிகம் விளைவிக்க எவ்வளவு பாடுபட வேண்டுமென்பதைக் குடியானவர் அறிவர். வீட்டில் ஒரு மூட்டையைக் காப்பாற்றுவதும் அதற்குச் சமானமே; அவ்விளைச்சல் வீட்டுப் பெண்மணிகளின் கையில் இருக்கிறது.