மயிலாப்பூரில் பியானோ கற்றுத்தந்த தன்ராஜ் மாஸ்டர்

சென்னைத் திரையுலகம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றதில் தன்ராஜ் மாஸ்டரின் பங்கு பெரியது. மயிலாப்பூர் சாய் லாட்ஜில் இருந்த அவரது அறைதான் வகுப்பறை. இசைக் கல்லூரி செய்யவேண்டிய வேலையை அந்தச் சிறிய அறை செய்தது.

1968-இல் சென்னைக்கு வந்த பண்ணைப்புரத்து இளைஞர் இளையராஜா, பியானோவையும் மேற்கத்திய இசைக்குறியீட்டையும் அவரிடம் கற்றார். ஐந்து கோடுகளில் எழுதப்படும் அந்தக் குறியீட்டில் சுரத்தின் உயரமும் நீளமும் துல்லியமாகப் பதிவாகும். அதை அறிந்தவர் வாத்தியத்தைத் தொடாமலே முழு இசைக்குழுவுக்கும் எழுதலாம். திரையிசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய செல்வம் இல்லை. பாக் போன்ற மேற்கத்திய இசை மேதைகளின் படைப்புகளும் இளையராஜாவுக்கு அறிமுகமாயின. பின்னர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் அவர் தங்கப்பதக்கம் பெற்றார். 1986-இல் வெளியான ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். ஏ.ஆர். ரஹ்மானும் மாஸ்டரின் மாணவர்.

பியானோவுக்கு 88 கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு சுத்தியலை இயக்கி எஃகுக் கம்பியைத் தட்டும். மயிலாப்பூரின் கடலோர உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஈரத்தில் மரப்பலகை உப்பி, சுருதி நழுவும். அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டிய இந்த வாத்தியத்தைக் கடற்கரை ஊரில் கற்பிப்பதே உழைப்புதான்.

மாஸ்டருக்கு மேடைப் புகழ் அதிகமில்லை. ஆனால் 1976-இல் இளையராஜா இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் வந்தபின், தமிழ்ப் படங்களின் பின்னணி இசையில் வயலின் வரிசைகள் ஒன்றையொன்று பின்னிச் செல்வதை ரசிகர்கள் கேட்டார்கள். அந்த எழுத்துமுறைக்கான அடிப்படைப் பாடம் மாஸ்டரின் அறையில் நடந்தது.