கோழி தீனி எடுக்கலையா? மாத்திரைக்கு ஓடாதீங்க... முதல்ல பிரிச்சு வைங்க!

நாமக்கல்:

நேற்று வரை குப்பையைக் கிளறிக்கொண்டு சுற்றிய கோழி, இன்று காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் ஒரு மூலையில் போய் நிற்கிறது. அரிசியை வீசினால் மற்ற கோழிகள் ஓடி வருகின்றன. அது மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கி வழிகிறது. சீக்கு வந்துவிட்டது என்று பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போனது நாமக்கல் மாவட்டம். பண்ணைக்கோழிகளுக்குக் குஞ்சாக இருக்கும்போதே நாள் குறித்து தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் 5 கோழி, 10 கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஊசியைப் பற்றி நினைப்பதே இல்லை. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், திடீர் ஆஸ்பத்திரி செலவுக்கும் அந்தக் கோழியைத்தான் நம்பி இருக்கிறார்கள். ஒரு கோழிக்கு வந்த நோய் ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்துவிட்டால், நஷ்டம் முழுக்க அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான்.

கடைசியில் தெரியும் அறிகுறி

கோழி தன் நோயை எளிதில் வெளியே காட்டாது. சோர்ந்து நிற்கும் கோழியை மற்ற கோழிகள் கொத்தி விரட்டும். அதனால் முடிந்த வரைக்கும் நடித்துக்கொண்டே திரியும். தீனியை நிறுத்திவிட்டது என்றால், நோய் வந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். ‘சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்’ என்று விடக்கூடாது.

முதல் வேலை மருந்து கொடுப்பது அல்ல. கோழியைத் தனியே பிரிப்பதுதான். பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் மட்டும் போதாது. மற்ற கோழிகள் பக்கத்தில் வராத இடத்தில், கீழே சாக்கு விரித்து, காற்று அடிக்காமல் வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணமும் தனி. முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும். பிறகு சோப்பு போட்டு கை கழுவ வேண்டும்.

எல்லாமே நோய் இல்லை

அடை உட்கார்ந்த கோழி சரியாகத் தின்னாது. ஒரு நாளைக்கு ஒரு முறை எழுந்து அவசரமாகக் கொத்திவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் போனால் சீறும். அது நோய் இல்லை. இறகு உதிர்க்கும் காலத்திலும் தீனி கொஞ்சம் குறையும். ஆனால் கண்ணில் தெளிவு இருக்கும், எச்சம் சரியாக இருக்கும்.

இது இரண்டும் இல்லை என்றால், கோழியைக் கையில் எடுத்து 4 இடங்களைப் பாருங்கள்.

1. தீனிப்பை: கழுத்துக்கு அடியில், நெஞ்சின் வலது பக்கம் தடவினால் தெரியும் பை இது. ராத்திரி முழுக்க செரித்து, காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நாரோ, நூலோ, பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கவிட்டு, மெதுவாகப் பிசைந்துவிடலாம். இளகாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். தண்ணீர் பை போல தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் தலைகீழாகத் தூக்கி உதறாதீர்கள். மூச்சுக்குழாயில் ஏறி அப்போதே செத்துவிடும்.

2. எச்சம்: பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனால் கழிச்சல் நோயாக இருக்கலாம். குஞ்சுகளுக்கு ரத்தம் கலந்து போனால் ரத்தக்கழிச்சல். இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு.

3. வயிறு: வாலைத் தொங்கப்போட்டு, அடிக்கடி முக்கிக்கொண்டு நின்றால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய 15, 20 நிமிஷம் உட்கார வைத்து, துடைத்து, இருட்டான இடத்தில் விடலாம். வயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்க்கக் கூடாது. உள்ளே உடைந்தால் கோழி பிழைக்காது.

4. இறகுக்கு அடியில்: ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்குக் கீழும் செல் மொய்த்திருக்கிறதா என்று பாருங்கள். செல்லும் குடல் புழுவும் கோழியை எலும்பும் தோலும் ஆக்கிவிடும். கொண்டை வெளுத்துப்போவது இதற்கு அடையாளம்.

உடம்பு சுடுதே... காய்ச்சலா?

கோழியைத் தொட்டுப் பார்த்து ‘உடம்பு கொதிக்குது’ என்று வீட்டில் கிடக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. நமக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட் என்றால், நல்லா இருக்கும் கோழிக்கே 105 முதல் 107 டிகிரி வரை இருக்கும். அதனால் கோழியின் உடம்பு நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். உண்மையில் தீனி எடுக்காத கோழி தன் சூட்டைக் காப்பாற்ற முடியாமல்தான் தவிக்கும். ராத்திரியில் ஒரு ஓரமாக குண்டு பல்பு போட்டு வைப்பது நல்லது. சூடு அதிகமானால் அது தள்ளிப்போக இடம் இருக்க வேண்டும். சாக்கில் பல்பு படக்கூடாது.

தீனியை விட தண்ணீர்தான் அவசரம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடரை பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து, அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டால் கோழி தானே நக்கிக் குடிக்கும். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் வாசல் இருக்கிறது. தலையே நிமிர்த்த முடியாத கோழிக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டையின் மஞ்சள்கரு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம்.

கழுத்து திருகினால் உஷார்

எச்சம் பச்சையாகப் போகிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, இறக்கை தொங்குகிறது, கழுத்து திருகிக்கொள்கிறது, பக்கத்து வீட்டிலும் கோழிகள் விழுகின்றன என்றால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். இப்போதைய உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ல் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது.

இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. மருந்துக்கடையில் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கொட்டினாலும் வைரஸ் சாகாது. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். அதை நம்பி மற்ற கோழிகளைப் பிரிக்காமல் விட்டால் எல்லாம் போய்விடும்.

‘சாகறதுக்குள்ள அறுத்துடலாம்’ என்பதும், அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவதும் ஊர் முழுக்க நோயைப் பரப்பும் வேலை. அறுக்கும்போது தெறிக்கும் ரத்தமும், குப்பையில் வீசும் குடலும், இறகும் போதும், அடுத்த தெருவுக்கு நோய் போய்விடும். அறுக்கிறவருக்கும் கண் சிவந்து எரிச்சல் வரலாம். செத்த கோழியைக் குளத்திலோ சாக்கடையிலோ வீசாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கையால் தொடாமல், குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு, உடனே அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமையை மறக்காதீங்க

ஒரு கோழி போனாலும் மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிக்கழிச்சலுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். வெயில் காலத்தில் நோய் அதிகம் என்பதால், வழக்கமாக பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாமும் நடக்கும்.

முதல் வாரத்துக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8 வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னதாகக் குடல் புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும். ஆனால் நல்லா இருக்கும் கோழிக்குத்தான் ஊசி. கூண்டில் ஏற்கனவே நோய் புகுந்திருந்தால் டாக்டரைக் கேட்ட பிறகே போட வேண்டும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூண்டில் விடாதீர்கள். நோய் வெளியே தெரிய 2 வாரம் வரை ஆகலாம். அது வரை தனியே வைத்துப் பாருங்கள். டாக்டர் மருந்து கொடுத்திருந்தால், அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பைசா செலவு இல்லை. அரை நாள் வேலைதான் கெடும். அடுத்த சனிக்கிழமை காலையில் கோழிகளைக் கூண்டிலிருந்து திறந்து விடுவதற்கு முன்பே பிடித்துக் கூடையில் போட்டுவிடுங்கள். திறந்துவிட்ட பிறகு துரத்திப் பிடிப்பது பெரும்பாடு!