ஆங்கிலம் போதாது, தமிழ் போதும்!

இந்தியக் குடி உரிமை கேட்கும் வெளிநாட்டார் என்ன மொழி அறிந்திருக்க வேண்டும்?

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பல நாட்டுக் கப்பல்கள் வருகின்றன. கப்பலோடு பல நாட்டு மனிதர்களும் வருகிறார்கள். சரக்கு இறங்கியதும் போய்விடுகிறார்கள்.

அவர்களில் ஒருவர், "இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. இங்கேயே தங்கி, இந்தியக் குடிமகன் ஆகப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு எந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்? இந்தியா? ஆங்கிலமா?

இரண்டும் வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும்!

சட்டம் சொல்வது

1955-ம் ஆண்டுக் குடி உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. மனுச் செய்யும் வெளிநாட்டார், நம் அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஏதாவது ஒன்றில் போதிய அறிவு பெற்றிருக்க வேண்டும். 1950-ல் அந்த அட்டவணையில் 14 மொழிகள் இருந்தன. இன்று 22 மொழிகள் உள்ளன. தமிழ் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

அதில் ஆங்கிலம் இல்லை! ஆங்கிலத்தில் பெரிய பட்டம் பெற்றவரானாலும், அது ஒன்றே தெரிந்தால் இந்த நிபந்தனையில் தேற மாட்டார்.

மொழி மட்டும் போதுமா? போதாது. மனுச் செய்வதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் இருக்க வேண்டும். அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தையும் வேண்டும். இந்தியரை மணந்தவர்களுக்குப் பதிவு முறை என்ற வேறு வழி உண்டு. அதில் மொழி நிபந்தனை இல்லை.

பிற நாடுகளில்...

மற்ற நாடுகளும் மொழி கேட்கின்றன. ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்க ஜெர்மன் மொழி தெரிய வேண்டும். மலேசியக் குடி உரிமைக்கு மலாய் மொழி வேண்டும். கனடாவில் குடி உரிமை கேட்போர் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால், ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் கேட்காமலே கற்றவர்

இப்படி எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில், முத்துக்குளித்துறைக்கு ஒரு போர்ச்சுக்கீசியர் வந்தார். அவர் பெயர் அன்றிக் அடிகளார். புன்னைக்காயலிலும் சுற்று ஊர்களிலும் பரதவ மக்களோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர்களோடு பேசிப் பழகத் தமிழ் கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கணமும் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதினார்.

1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 16 பக்கமே உள்ள சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுதான்! 1600-ல் அவர் காலமானார்.

மொழி இருக்கிறது, காகிதம் இல்லை

தமிழ் தெரிந்தும் குடி உரிமை கிடைக்காதவர்களும் இதே கடற்கரையில் இருக்கிறார்கள். 1983-ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் அவர்கள். தூத்துக்குடி மாவட்டத்திலும் அவர்களுடைய முகாம்கள் உள்ளன. அவர்களுக்குத் தமிழ் தாய்மொழி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த பிள்ளைகளும் பலர் உண்டு.

ஆனால் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் வந்தவர்களைச் சட்டம் 'சட்ட விரோதமாகக் குடியேறியவர்கள்' என்கிறது. அப்படிப்பட்டவர்கள் குடி உரிமைக்கு மனுச் செய்ய முடியாது. 2019-ல் வந்த திருத்தச் சட்டம் 3 அண்டை நாடுகளிலிருந்து வந்த சில பிரிவினருக்குச் சலுகை தந்தது. இலங்கை அதில் சேரவில்லை. 2015 ஜனவரி 9-ந் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, 2025-ல் மத்திய சர்க்கார் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனைப் பயம் போயிற்று. குடி உரிமை வரவில்லை.

11 ஆண்டு வாழ வேண்டும் என்கிறது சட்டம். இவர்களில் பலர் 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டார்கள். மொழிப் பாடத்தில் நூற்றுக்கு நூறு! ஆனாலும் இன்னும் வாசலில்தான் காத்திருக்கிறார்கள்.