‘கரண்ட்’ வைத்து 2 வருஷம் ஆச்சு... இப்போ ஏன் மலத்தில் ரத்தம்?

வில்லியனூர், பாகூர் பக்கம் ‘ரேடியோதெரபி’ என்றால் யோசிப்பார்கள். ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்றால் உடனே புரியும்.

இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் வருவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 2022-ல் மட்டும் சுமார் 1.27 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. முற்றிய நிலையில் வருபவர்களுக்குக் கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை. புதுச்சேரியில் அதற்கு கோரிமேடு ஜிப்மர். வழக்கமாக 5 வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு, பிறகு கருவியை உள்ளே வைத்துத் தரும் பிராக்கிதெரபி.

அப்போது வரும் பேதியும் நீர்க்கடுப்பும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். 6 மாதமோ, சில வருஷமோ கழித்து வருவதுதான் வேற கதை.

ஏன் இவ்வளவு லேட்டா?

கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இரண்டின் மீதும் கொஞ்சம் கதிர் படும். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல அடைபட்டு, தசை தழும்பு போல இறுகும். புதிதாக முளைக்கும் குழாய்கள் மெலிதானவை, சட்டென்று கசியும்.

மலத்தில் ரத்தம் என்றாலே நம்ம ஊரில் ‘மூலம்’தான். இல்லையென்றால், ‘கேன்சர் திரும்பிடுச்சு’ என்ற பயத்தில் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டுமே தப்பாக இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் ‘கரண்ட் வெச்சிருக்கேன்’ என்று சொல்லிவிட வேண்டும். கதிர் பட்ட மலக்குடலில் சாதாரணமாகச் சதை எடுத்து டெஸ்ட் செய்தால், அந்தப் புண் ஆறாமல் ஓட்டையே விழலாம். லேசான கசிவுக்குப் பல நேரம் சிகிச்சையே தேவைப்படாது. அதிகமானால் சுக்ரால்ஃபேட் எனிமா உண்டு, எண்டோஸ்கோப்பி வழியாக ஆர்கான் வாயுவால் குழாய்களைச் சுட்டு அடைக்கவும் முடியும்.

வெளியே சொல்லாதது

பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தடுக்க, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் டைலேட்டர் பயன்படுத்தச் சொல்வார்கள். ‘எனக்கெதுக்கு இந்த வயசுல?’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தாம்பத்தியத்துக்கு மட்டும் அல்ல. பாதை அடைபட்டால் பின்னாளில் டாக்டர் பரிசோதிப்பதே சிரமம். மகனும் மருமகனும் பக்கத்தில் நிற்கிற ஓ.பி. வரிசையில் இதை எந்தப் பெண் கேட்பாள்?

சினைப்பை செயலிழப்பதால் 35 வயதிலும் மாதவிடாய் நின்றுவிடும், எலும்பும் தேயும். இடுப்பெலும்பில் விழும் மெல்லிய விரிசலை ‘நாத்து நட்ட வலி’ என்றும், கால் வீக்கத்தை ‘யானைக்கால்’ என்றும் விட்டுவிடுவது சுலபம்.

அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை, கதிர்வீச்சு அளவு உள்ள பக்கத்தோடு போட்டோ எடுத்து போனில் வையுங்கள். பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீரோ மலமோ கசிந்தாலும், வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.